மேலே அனுப்பிய நோயாளி

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்தின் அரசு மருத்துவம் மூன்று அதிகாரிகளின் கையில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களையும் அவற்றின் கீழுள்ள துணை சுகாதார நிலையங்களையும் மாவட்ட சுகாதார அலுவலர் பார்க்கிறார். வட்ட மருத்துவமனைகளும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் நலப்பணிகள் இணை இயக்குநரின் பொறுப்பு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். மூவரும் சென்னையிலுள்ள மூன்று வெவ்வேறு இயக்குநரகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். மாவட்டத்துக்குள் இந்த மூவரையும் ஒரே மேசைக்கு அழைக்கக்கூடியவர் ஆட்சியர் ஒருவர்தான். அவருக்கோ மருத்துவத்தைத் தவிர இன்னும் நூறு வேலைகள்.

நோயாளி இந்த எல்லைகளை அறியாதவர். வலது கையும் காலும் திடீரென விழுந்துபோன ஒரு கூலித் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். கிராமத்திலிருந்து 108 வண்டி ஏற்றிக்கொண்டு போகிறது. வட்ட மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் இல்லையென்றால் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். மூளை இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்தாரா என்பது முதல் கேள்வி. பிழைத்து வீடு திரும்பினால் அடுத்த கேள்வி எழுகிறது. அவர் திரும்பிவிட்ட செய்தி அந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியருக்கு எப்படித் தெரியும்? இரத்த அழுத்த மாத்திரையை யார் தொடர்ந்து கொடுப்பது? விழுந்த கையை மறுபடி பழக்க யார் வருவது? கடந்த இருபது ஆண்டுகளில் முதல் கேள்விக்குத் தமிழ்நாடு பல நோய்களில் நல்ல விடை கண்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்குக் கிடைத்திருப்பது அரைகுறை விடை.

மருத்துவத்தை அடுக்கடுக்காக அமைக்கும் யோசனைக்கு நூறு வயது கடந்துவிட்டது. 1920இல் பிரிட்டனில் டாசன் பிரபு தலைமையிலான குழு, ஊரளவில் ஆரம்ப நிலையம், அதற்கு மேல் இரண்டாம் நிலை மையம், உச்சியில் பயிற்சி மருத்துவமனை என்று ஒரு வரைபடம் போட்டது. இந்தியாவுக்கு அதே வழியில் வரைந்து கொடுத்தது சர் ஜோசப் போர் தலைமையிலான குழுவின் 1946 அறிக்கை. அதன் நீண்டகாலத் திட்டத்தில் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் மக்களுக்கு ஒரு 75 படுக்கை மருத்துவமனை, அதற்கு மேல் 650 படுக்கை, மாவட்டத்துக்கு 2500 படுக்கை என்று கணக்கு இருந்தது. 1952 முதல் நாடெங்கும் கட்டப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய படுக்கைகள். அடித்தளத்தை மெலிதாகக் கட்டிவிட்டு, ஜனங்கள் ஏன் நேரே ஜி.எச்.சுக்கு ஓடுகிறார்கள் என்று பிறகு குறைப்பட்டுக்கொண்டோம். இரவு பத்து மணிக்கு மருத்துவர் இருப்பார் என்று உறுதியாகத் தெரிந்த இடத்துக்குப் போவதில் நோயாளியின் தவறு எதுவும் இல்லை.

சென்னை மாகாணம் 1922இலேயே பொது சுகாதாரத்தைத் தனித் துறையாக்கியது. 1939இல் அதற்கென்று தனிச் சட்டமும் இயற்றியது. தடுப்பூசியிலும் கொள்ளைநோய்த் தடுப்பிலும் தமிழ்நாடு பல மாநிலங்களை முந்தி நிற்பதற்கு, வார்டுகளின் அன்றாட அவசரங்களில் சிக்காத இந்தத் தனித் துறை முக்கியக் காரணம். ஆகவே மூன்று இயக்குநரகங்களையும் ஒன்றாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரிவினையின் பலன் பெரிது. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் நோயாளி கொடுக்கிறார்.

அந்த விலை குறைந்த இடங்கள் உண்டு. முதலில் நிற்பது மகப்பேறு. மாதிரிப் பதிவு ஆய்வுக் கணக்கின்படி 2001-03இல் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் தமிழ்நாட்டில் இறந்தார்கள். 2018-20இல் அது 54. தாய்மார் சாவுக்குப் பின்னால் மூன்று தாமதங்கள் இருப்பதாக தாடியஸ், மேன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் எழுதினார்கள். வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம், போய்ச் சேர ஆகும் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்க ஆகும் தாமதம். தமிழ்நாடு மூன்றிலும் கை வைத்தது. மூன்று செவிலியர்களை முறைவைத்து அமர்த்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்க்க வழி செய்தது. 2008 செப்டம்பரில் 108 வண்டிகள் ஓடத் தொடங்கின. 2004 முதல் ‘சீமாங்’ என்று எல்லோரும் அழைக்கும் அவசரகால மகப்பேறு மையங்கள் படிப்படியாக வந்தன. அங்கே எந்நேரமும் சிசேரியன் செய்ய மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் இரத்தமும் இருக்க வேண்டும் என்பது விதி.

இவையெல்லாம் கட்டடமும் வண்டியும் ஆளும். இவற்றை ஒன்றோடொன்று கட்டியது இரண்டு எளிய ஏற்பாடுகள். ஒன்று, பெயர்ப் பட்டியல். கிராம சுகாதாரச் செவிலியரிடம் தன் பகுதியில் எந்தப் பெண்ணுக்கு எந்த வாரம் பிரசவம் என்ற பட்டியல் இருக்கும். கடும் இரத்தசோகை, உயர் அழுத்தம், முந்தைய சிசேரியன், இதயக் கோளாறு உள்ளவர்களின் பெயர்கள் அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். எந்தப் பெண்ணை எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பது வலி எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். ‘பிக்மி’ என்ற இணையப் பதிவில் அவளுக்கு 12 இலக்க எண் உண்டு. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும் என்பதால், தனியாரிடம் பிரசவம் பார்ப்பவர்களும் பதிவுக்குள் வந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, தாய்மார் மரண ஆய்வு. 1990களில் தொடங்கி, 2004இல் அரசாணையின் மூலம் கட்டாயமானது. ஒரு தாய் இறந்தால் கிராமச் செவிலியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அனுப்பிய மருத்துவமனை, ஏற்றுக்கொண்ட மருத்துவமனை எல்லோரும் ஆட்சியர் முன்னால் உட்கார வேண்டும். இறந்தவரின் உறவினர்களும் அழைக்கப்பட்டார்கள். வண்டி எத்தனை மணிக்கு வந்தது, இரத்தம் எத்தனை மணிக்குக் கிடைத்தது, அழைத்தபோது நிபுணர் எங்கே இருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். மூன்று இயக்குநரகங்களின் ஆட்களும் ஒரு தனி மனுஷியின் பெயரில் ஒரே அறையில் பேசும் வழக்கம் இப்படித்தான் வந்தது. இதில் ஒரு கேடும் இருக்கிறது. குற்றம் நம் தலையில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், தாங்களே பார்க்கக்கூடிய பிரசவத்தையும் கீழ்நிலையில் இருப்பவர்கள் மேலே தள்ளிவிடுவார்கள். ஆய்வு தண்டனை மன்றமாகிவிட்டால் ‘ரெஃபர்’ என்பது கை கழுவுவதற்கான வழியாகிவிடும். ஆனாலும் அந்த மேசை இல்லாத காலத்தை விட இருக்கும் காலம் நல்லது.

மாரடைப்பில் கிடைத்த பாடம் வேறு வகை. இதய இரத்தக்குழாய் முழுதும் அடைபட்டால் ஆஞ்சியோபிளாஸ்டி உடனே செய்வது உத்தமம். ஆனால் அதற்கு வேண்டிய கேத் லேப் பெருநகரங்களில்தான் அதிகம். 2012க்கும் 2014க்கும் இடையே தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வில் 35 சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு நான்கு தொகுதிகளாக இணைத்தார்கள். சிறிய இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்ததும் அது பெரிய இடத்து நிபுணருக்குப் போகும். கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சிறிய மருத்துவமனையே போட்டுவிடும். பிறகு ஆஞ்சியோவுக்காக நோயாளி மேலே அனுப்பப்படுவார். மொத்தம் 2420 நோயாளிகள். இந்த ஏற்பாட்டுக்கு முன்பு ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், பின்பு 14.2 சதவீதம். 2017இல் வெளியான இந்த முடிவின் சாரம், கீழ்நிலை வெறும் தபால் நிலையமாக இருக்கக் கூடாது என்பதே. தன் பங்குச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டுத்தான் அது அனுப்ப வேண்டும். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம் அந்த வழியில் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் ஆகிய மூன்றின் முதல் டோஸையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்து அனுப்பச் சொல்கிறது.

பாம்புக்கடிக்கும் இதே நியாயம்தான். விஷமுறிவு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் டோஸைப் போடாமல் ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று அனுப்பிவிட்டால், வழியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் விஷத்தின் பக்கம் சேரும். மருந்து ஒவ்வாமை வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இளம் மருத்துவரை அப்படிச் செய்ய வைக்கிறது. அந்தப் பயத்தைப் போக்கச் சுற்றறிக்கை போதாது. மேலேயுள்ள மருத்துவமனையில் யாராவது ஒருவர் தொலைபேசியை எடுத்து, ‘போடுங்க டாக்டர், நான் லைன்ல இருக்கேன்’ என்று சொல்ல வேண்டும்.

காசநோயில் நடந்திருப்பது என்னைப் பொறுத்தவரை இவற்றில் மிக நுட்பமானது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். மருந்து சரியாகவே கொடுக்கப்படுகிறது, உடல்தான் தாங்குவதில்லை. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இந்த இடத்தைப் பிடித்தது. நோய் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே ஒரு சின்னத் தாளில் சிலவற்றைக் குறிக்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை எவ்வளவு, காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா. எக்ஸ்ரேயும் வேண்டாம், இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். ஆபத்து தென்பட்டவருக்கு, முன்பே குறித்து வைத்திருக்கும் மருத்துவமனையில் படுக்கை உண்டு. எல்லோரையும் மேலே அனுப்பினால் வார்டு நிரம்பி வழியும், யாரையும் அனுப்பாவிட்டால் சாவு. யாரை அனுப்புவது என்று தீர்மானிக்கும் அறிவைக் கீழே கொடுத்ததும், அவருக்காக மேலே இடம் ஒதுக்கியதும் சேர்ந்தே நடந்ததால்தான் இது வேலை செய்கிறது. ஒன்று மட்டும் நடந்திருந்தால் இன்னொரு படிவமாகப் போயிருக்கும்.

சாலை விபத்துக்கான ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவச சிகிச்சை. காயம்பட்டவர் வருகிறார் என்று வண்டியிலிருந்தே மருத்துவமனைக்கு முன்தகவல் தரும் ஏற்பாடும் இருக்கிறது. மேலே போகும் பாதை இப்படி ஒவ்வொரு நோயாகச் செம்மையாகிக்கொண்டு வருகிறது. நாற்பத்தொன்பதாவது மணியில் என்ன ஆகும் என்பது வேறு கதை. காலில் பிளேட் வைத்து அனுப்பப்பட்ட இளைஞன் ஆறு மாதம் கழித்து நடக்கிறானா என்று கேட்கும் கடமை எந்த நிலைக்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இறங்கி வரும் பாதையின் நிலை நீரிழிவிலும் இரத்த அழுத்தத்திலும்தான் நன்றாகத் தெரியும். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. மருந்து இலவசம். மருத்துவமனை தொலைவிலும் இல்லை. ஆனால் மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த வரிசையை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. ஊர்ப் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுத்த சுகாதாரத் தன்னார்வலர் மாத்திரை கொண்டு வருகிறார். படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது; தகுதியானதுதான்.

பக்கவாதம் வந்த அந்தக் கூலித் தொழிலாளி வீடு திரும்பிய பிறகு எழுவதாக மேலே கேட்ட மூன்று கேள்விகளில் இரண்டுக்கு இங்கே விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அவர் திரும்பிய செய்தி ஊருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. தன்னார்வலர் கதவைத் தட்ட வேண்டுமென்றால் அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். கல்லூரி மருத்துவமனை டிஸ்சார்ஜ் செய்யும்போது அந்தப் பெயர் தானாகக் கிராமத்துக்கு இறங்கி வருவதில்லை. அவர் வீட்டார் போய்ச் சொன்னால் உண்டு, அல்லது தன்னார்வலரே அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டால் உண்டு. மாத்திரையிலும் இதே சிக்கல்தான். கல்லூரி மருத்துவமனையில் எழுதிய மருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்துப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1995 முதல் மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டியாக இருக்கிறது. ஆனாலும் நிலைக்கு ஒரு பட்டியல் என்பதால், மேலே தொடங்கியது கீழே வேறொன்றாக மாறுகிறது அல்லது நின்றுபோகிறது. அங்கே அளவு கூட்டி எழுதியது தெரியாமல் இங்கே பழைய அளவே வீட்டுக்கு வந்துகொண்டிருக்கவும் வாய்ப்புண்டு.

செய்தி எப்படி இறங்குகிறது? நோயாளியின் மஞ்சப்பையில் இறங்குகிறது. ஓ.பி. சீட்டு, ஸ்கேன் படம், மடித்து மடித்துக் கிழிந்த டிஸ்சார்ஜ் சம்மரி. அந்தச் சம்மரி ஆங்கிலச் சுருக்கெழுத்துகளால் நிரம்பியது. எழுதியவர் இரவெல்லாம் கண் விழித்த பயிற்சி மருத்துவராக இருப்பார்; அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை யாருக்காக எழுதுகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நோயாளிக்கு அதைப் படிக்கத் தெரியாது. செவிலியருக்கு அது அனுப்பப்படுவதில்லை. அனுப்பி வைத்த ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், தன் சந்தேகம் சரியா தவறா என்று கடைசிவரை அறிவதில்லை. பத்து ஆண்டு வேலை பார்த்தாலும் அவருடைய ரெஃபரல் மேம்படாமல் போவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம்.

கணினி இதைத் தீர்க்கும் என்று நம்பிக் காத்திருக்கிறோம். காசநோய்க்கு 2012இலிருந்து ‘நிக்ஷய்’, கர்ப்பிணிக்கு ‘பிக்மி’, வீட்டு மருந்துக்கு ஒரு செயலி, மருத்துவமனைக்குள் ஒரு மேலாண்மை மென்பொருள், இவற்றுக்கு மேல் 2021இல் தேசிய அளவில் தொடங்கிய ‘ஆபா’ என்ற சுகாதார அடையாள எண். நீரிழிவும் காசநோயும் உள்ள ஒரு கர்ப்பிணி மூன்று இடங்களில் மூன்று பேராகப் பதிவாகிறாள். மூன்றையும் நிரப்புவது அநேகமாக ஒரே செவிலியர். பதிவேடுகள் திட்டத்துக்குக் கணக்குக் காட்டப் பிறந்தவை. அவை நோயாளியின் பின்னால் நடந்து போக வேண்டுமென்றால், அடுத்த நிலையில் இருப்பவர் திறந்து பார்த்ததும் ‘நேற்று இவர் டிஸ்சார்ஜ் ஆனார், இன்ன மாத்திரை, இன்ன தேதியில் பார்க்க வேண்டும்’ என்ற மூன்று வரி கண்ணில் பட வேண்டும். மற்ற புள்ளிவிவரம் பிறகு வரட்டும்.

நடுப்படியைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பெருமைக்குரிய நாள்தான். ஆனால் அதுவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்தவை கல்லூரி மருத்துவமனைகளாகி வேறொரு இயக்குநரகத்துக்குப் போய்விட்டன. தலைமை மருத்துவமனை என்ற தகுதி பழனி, கூடலூர் போன்ற ஊர்களுக்கு மாறியது. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் நிபுணர்களும் கருவிகளும் வந்து சேர்வதில்லை. வட்ட மருத்துவமனையில் இரவில் மயக்க மருந்து நிபுணர் இல்லாவிட்டால், குடல்வால் அழற்சிக்கும் கல்லூரி மருத்துவமனைதான். அங்கே தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பலர், நடுப்படி உறுதியாக இருந்தால் சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே குணமாகியிருப்பார்கள். அரசியலில் கல்லூரிக்குக் கிடைக்கும் கைதட்டல் வட்ட மருத்துவமனைக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

தனியார் மருத்துவமனைகளையும் விட்டுவிட முடியாது. 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டத்தால் பல்லாயிரம் ஏழைகள் தனியாரிடம் இதய சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். பின்தொடர் சிகிச்சைக்கும் சில தொகுப்புகள் திட்டத்தில் உள்ளன. ஆனால் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவரை அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்திடம் ஒப்படைப்பது யாருடைய வேலையும் இல்லை. பணம் சிகிச்சைக்குத் தரப்படுகிறது, ஒப்படைப்புக்குத் தரப்படுவதில்லை. மருத்துவமனைக்குத் தரும் கடைசித் தவணையை ஒப்படைப்புக் கடிதத்தோடு பிணைத்தால் இது மாறும்.

மற்ற நாடுகளும் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரிட்டனில் ஒவ்வொருவருக்கும் பதிவான குடும்ப மருத்துவர் உண்டு. மருத்துவமனை நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய 24 மணி நேரத்துக்குள் அவருக்குச் சம்மரி போய்ச் சேர வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. இலங்கையின் நிலை நமக்கு நெருக்கமானது. அங்கே யார் வேண்டுமானாலும் எந்த அரசு மருத்துவமனைக்கும் நேரே போகலாம். அதனால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் போதனா வைத்தியசாலைகள் நெரிசலில் திணறுகின்றன. பக்கத்துச் சிறிய வைத்தியசாலைகளில் கட்டில்கள் காலியாகக் கிடக்கும். கிளினிக் கொப்பியை நோயாளியே பத்திரமாகக் கொண்டு திரிகிறார். 2018இலிருந்து அங்கே ஒரு பெரிய வைத்தியசாலையையும் அதைச் சுற்றியுள்ள ஆரம்ப நிலையங்களையும் ஒரே கொத்தாக்கி, அந்தப் பகுதி மக்களுக்குக் கூட்டாகப் பொறுப்பாக்கும் கொள்கையை முன்வைத்திருக்கிறார்கள். பொருளாதார நெருக்கடி அதன் காலை வாரியது. ஆனாலும் பொறுப்பை நிறுவனத்துக்கு என்று வைக்காமல் மக்கள்தொகைக்கு என்று வைத்ததில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

தமிழ்நாட்டில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகமில்லை. மகப்பேற்றில் செய்ததைப் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் நீட்ட வேண்டும். கல்லூரி மருத்துவமனையின் ஒவ்வொரு வார்டிலும், டிஸ்சார்ஜ் ஆகிறவரின் ஊர்ச் செவிலியரை அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்வதற்கென்று ஒரு செவிலியர் வேண்டும். தமிழில் ஒரு பக்கத்துக்கு மிகாத ஒப்படைப்புச் சீட்டு வேண்டும். நாள்பட்ட நோய்களுக்கான மருந்துகளில் இருபது முப்பதையாவது மூன்று நிலைக்கும் பொதுவாக்கலாம். அனுப்பிய மருத்துவருக்கு இரண்டு வரிப் பதில் போக வேண்டும், அது மரியாதையும்கூட. மாதத்தில் ஒரு நாள், முப்பது நாட்களுக்குள் மறுபடி சேர்க்கப்பட்ட பக்கவாத, இதய நோயாளிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு டீனும் இணை இயக்குநரும் மாவட்ட சுகாதார அலுவலரும் ஆட்சியர் முன்னால் உட்கார வேண்டும். தாய்மார் மரணத்துக்குக் கேட்பது போலவே, இன்னார் எந்தத் தேதியில் வீடு போனார், அவரை முதலில் யார் போய்ப் பார்த்தார்கள், எத்தனை நாள் கழித்து என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அந்த அறையில் ஒரு நாற்காலி போட வேண்டும். முதலில் பேசச் சொல்ல வேண்டியதும் அவரைத்தான்.